விலையைக் கடைசியில் சொல்லுங்கள்

அமெரிக்காவில் நண்பர் வீட்டு விருந்துக்குப் போனால் கையில் ஒரு ஒயின் பாட்டில் கொண்டு போவது வழக்கம். "இது அறுபது டாலர், குடித்துப் பார்" என்று ஒருவர் நீட்டுவார். மலிவு பாட்டிலோடு வந்தவரோ அதைப் பையிலிருந்து எடுக்கவே கூச்சப்படுவார். இந்தக் கூச்சம் தேவைதானா?

2008-ல் வெளியான ஒரு ஆய்வில், ஒரே ஒயினை இரண்டு விலை சொல்லிக் கொடுத்தார்கள். 90 டாலர் என்றபோது ருசித்த ஒயின், 10 டாலர் என்றபோது அவ்வளவாக ருசிக்கவில்லை! குடித்தவர்கள் பொய் சொல்லவில்லை. மூளை ஸ்கேனும் அதையேதான் காட்டியது.

இனி மறுபக்கம். கலிஃபோர்னியாவில் டிரேடர் ஜோஸ் கடைகளில் 2002-ல் வந்த சார்லஸ் ஷா ஒயின் அப்போது வெறும் 1.99 டாலராக இருந்தது. 'டூ பக் சக்' என்று கிண்டல் செய்தார்கள். 2007-ல் மாநிலக் கண்காட்சிப் போட்டியில், பெயரும் விலையும் தெரியாமல் ருசித்த நடுவர்கள் அதன் 2005 சார்டனேவுக்குத்தான் கலிஃபோர்னியாவின் சிறந்த சார்டனே என்ற பரிசைக் கொடுத்தார்கள்.

அதற்காக அதைத் தலையில் தூக்கி வைத்து ஆட வேண்டாம். அதே போட்டியின் நடுவர்களுக்கு ஒரே பாட்டிலிலிருந்து மூன்று முறை ஊற்றிச் சோதித்தபோது, பலருடைய மதிப்பெண் முறைக்கு முறை மாறியது. நிபுணர் நாக்கே இப்படி என்றால் மற்றவர்கள் எம்மாத்திரம்?

ஆகவே, சிபாரிசு செய்பவர்களே... பாட்டிலைக் காகிதத்தில் சுற்றி ஊற்றுங்கள். பிடித்திருக்கிறதா என்று கேளுங்கள். விலையை அப்புறம் சொல்லுங்கள். மலிவு பாட்டில் கொண்டு வந்தவரும் அன்றைக்குத் தலைநிமிர்ந்து உட்காரட்டும்.