சிகிச்சை முடிந்த மறுநாள்



பெருங்குடல் புற்றுநோய்க்குக் கடைசி கீமோ முடிந்த அன்று வீட்டில் பாயசம் வைக்கிறோம். கோயிலுக்கு நேர்ந்ததைச் செலுத்துகிறோம். மறுநாளிலிருந்து, "அப்பா, நீங்க ஒண்ணும் செய்ய வேணாம், படுத்து ரெஸ்ட் எடுங்க" என்று அவரைக் கட்டிலோடு இருத்திவிடுகிறோம். அன்பினால்தான். அந்த அன்பைக் கொஞ்சம் வேறு பக்கம் திருப்பலாமே என்று கேட்கத்தான் இந்தக் கடிதம்.

2025 ஜூன் மாதம் 'நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்' இதழில் 'சேலஞ்ச்' என்ற ஆய்வின் முடிவு வெளியானது. கனடா, ஆஸ்திரேலியா முதலிய நாடுகளில், பெருங்குடல் புற்றுநோய்க்கு ஆபரேஷனும் கீமோவும் முடித்திருந்த 889 பேரை இரண்டு பிரிவாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்கு உடல்நலக் கையேடு கொடுத்தார்கள். இன்னொரு பிரிவுக்குக் கையேட்டோடு, 3 ஆண்டுகள் உடற்பயிற்சிக்கு ஒரு பயிற்சியாளரின் துணையையும் கொடுத்தார்கள். 8 ஆண்டு கணக்கில், பயிற்சி பெற்ற பிரிவில் 100க்கு 90 பேர் உயிரோடு இருந்தார்கள்; மற்றதில் 83 பேர். நோய் திரும்பியதும் குறைவு. பயிற்சி செய்தவர்களுக்குத் தசைவலி, மூட்டுவலி சற்று கூடுதலாக வந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

அவர்கள் செய்தது மலையேற்றம் அல்ல. வாரத்தில் மூன்று நான்கு நாள், முக்கால் மணி நேரம் வேகமாக நடந்தாலே கிட்டத்தட்ட அந்த அளவு வந்துவிடும். கையேடு இரண்டு பிரிவுக்கும் கிடைத்தது. கூட இருந்து கேட்க ஓர் ஆள் ஒரு பிரிவுக்குத்தான் கிடைத்தார். நம் வீடுகளில் அந்த ஆளாக மகளோ தம்பியோ பக்கத்து வீட்டு அண்ணனோ இருக்கலாம். எவ்வளவு தூரம், எப்போது தொடங்குவது என்பதை மட்டும் டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஆனால் பலர் வாசலைத் தாண்டாததற்குக் காரணம் அசதி மட்டுமல்ல. பாத்ரூம் பயம். குறிப்பாக மலக்குடலில் ஆபரேஷன் ஆனவர்களுக்கு, மலத்தைத் தேக்கிவைக்கும் இடமே குறைந்துவிடுகிறது. ஒரு நாளில் பல தடவை போக வேண்டியிருக்கும். வந்தால் அடக்க முடியாது. போய் வந்த ஐந்தாவது நிமிடம் மறுபடி வரும். இதை வீட்டில்கூடச் சொல்லக் கூசி, கல்யாணம், பஸ் பயணம், கடைத்தெரு என்று ஒவ்வொன்றாக விட்டுவிடுகிறார்கள். தயவுசெய்து டாக்டரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். உணவில் செய்யும் மாற்றம், மாத்திரை, இடுப்புத்தள தசைக்கான பயிற்சி என்று வழிகள் இருக்கின்றன. பலருக்கு ஓரிரு ஆண்டுகளில் தணிகிறது.

வயிற்றில் ஸ்டோமா பை (ஆபரேஷனில் வைத்த திறப்பு வழியே மலம் சேரும் பை) வைத்திருப்பவர்களும் குளிக்கலாம், வேலைக்குப் போகலாம், ஊருக்குப் போகலாம். பை மூன்றில் ஒரு பங்கு நிறைந்ததும் காலி செய்துவிட்டால் கசிவு குறையும். சிறுகுடலிலிருந்து வைத்த பையானால், தண்ணீரையும் உப்பையும் உறிஞ்சும் பெருங்குடலின் வேலை நடப்பதில்லை. நம் சித்திரை வெயிலில் அவர்களுக்கு உடல் சீக்கிரம் வறண்டுவிடும், ஓ.ஆர்.எஸ். பற்றிக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். ஆக்ஸாலிபிளாட்டின் என்ற கீமோ மருந்து ஏற்றியவர்களுக்குப் பாதம் மரத்துப்போய், செருப்பு கழன்றதுகூடத் தெரியாமல் போவதுண்டு. நடக்கும்போது பின்பட்டை வைத்த செருப்போ ஷூவோ போடட்டும்.

பரிசோதனைகளைத் தள்ளிப்போடாதீர்கள். முதல் இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு, 3 முதல் 6 மாதங்களுக்கு ஒருமுறை சி.இ.ஏ. ரத்தப் பரிசோதனையும், ஆபரேஷன் முடிந்து ஓராண்டு வாக்கில் கொலோனோஸ்கோபியும் (கேமரா வைத்த குழாயால் பெருங்குடலைப் பார்ப்பது) செய்வது வழக்கம். உடன்பிறந்தவர்களும் பிள்ளைகளும் 40 வயதிலோ, நோயாளிக்கு நோய் தெரிந்த வயதுக்குப் பத்து ஆண்டு முன்பாகவோ, எது முந்தியதோ அப்போது கொலோனோஸ்கோபி செய்துகொள்ள வேண்டும்.

உங்கள் வீட்டில் சிகிச்சை முடித்தவர் இருந்தால், இன்று மாலை அவரோடு நீங்களும் கிளம்புங்கள். போகும் வழியில் கழிப்பறை எங்கே இருக்கிறது என்று முன்கூட்டியே பார்த்து வையுங்கள். இந்த நோயைக் கடந்து வந்த வாசகர்கள், எது உதவியது, எது பாடுபடுத்தியது என்று எங்களுக்கு எழுதுங்கள். பெயர் வேண்டாமென்றால் போட மாட்டோம்.

அன்புடன்,
ஆசிரியர்