மழைக்கு முன்னாடி ஒரு நோட்டுப் புத்தகம்

தீபாவளி முடிஞ்சதும் மழைக்காலம் வந்துடும். அதனால இதை இப்பவே எழுதுறேன்.

2021 டிசம்பர் 18, சனிக்கிழமை. ஷா ஆலம் தாமான் ஸ்ரீ மூடா வெள்ளத்தில் மூழ்கியதை யாரும் மறந்திருக்க மாட்டீங்க. ஒரு மாசத்து மழை ஒரே நாள்ல கொட்டுச்சு. அந்த வெள்ளத்தில் நாடு முழுக்க 50 பேருக்கு மேல் இறந்தாங்க. உதவி வராமல் கூரை மேல காத்திருந்தவங்க எத்தனையோ பேர். சொந்தப் படகு வெச்சிருந்த பொதுமக்களே தண்ணியில இறங்கி ஆளுங்களை ஏத்தினாங்க. பெட்டாலிங் ஜெயா குருத்வாராவில் ஆயிரக்கணக்கான பேருக்குச் சமைச்சு அனுப்பினாங்க.

தண்ணி வடிஞ்ச பிறகு நாங்களும் ஒரு லோரியில சாமான் ஏத்திக்கிட்டு வீடு கழுவப் போனோம். மெத்தை, அலமாரி, பிள்ளைங்க புத்தகம் எல்லாம் ரோட்டோரம் குவிஞ்சு கிடந்தது. அங்க ஒருத்தர் சொன்னார்: "பக்கத்து வீட்டுல படுத்த படுக்கையா ஒரு பாட்டி இருந்தது, படகுல தூக்கிட்டுப் போறப்பதான் எனக்குத் தெரியும்ணே. எட்டு வருஷமா அடுத்த வீடு."

அன்னிக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரலை. கோலா சாவாவில் மட்டும் என்ன வாழுது?

தோட்டத்து லயத்தில் ஒரு வீட்டுல இருமினா அடுத்த வீட்டுல கேட்கும். தோட்ட வாழ்க்கை சொர்க்கம்னு நான் சொல்லலை. ஆனா யார் வீட்டுல நோயாளி, யார் வீட்டுல கைக்குழந்தைன்னு எல்லாருக்கும் தெரியும். தாமானுக்கு வந்தோம், கேட்டைப் பூட்டினோம், அது போச்சு.

வெள்ளத்துக்குப் பிறகு உதவுறதுல நம்மாளுங்க கெட்டிக்காரங்க. அரிசியும் பணமும் குவியும். ஆனா உயிர் போறது முதல் ராத்திரியில. "அது பொம்பா வேலை"ன்னு சிலர் சொல்றாங்க. சரிதான். ஆனா பொம்பா வந்ததும் கேட்கிற முதல் கேள்வி, "உள்ளே யார் இருக்கா?" அதுக்கு நாமதானே பதில் சொல்லணும்?

அதனால கோயில் நிர்வாகத்துக்கு என் கோரிக்கை இதுதான். ஒரு நோட்டுப் புத்தகம் போடுவோம். தொண்டர் ஒருத்தருக்குப் பத்து வீடு. முதியவர், டயாலிசிஸ் போறவர், நடக்க முடியாதவர் யார்னு கேட்டு எழுதணும். மலாய்க்காரர், சீனர் வீட்டையும் சேர்த்துத்தான். தண்ணி இனம் பார்த்து வராது. மண்டபச் சாவி ரெண்டு பேர்கிட்ட இருக்கட்டும். அன்னதான அண்டா நம்மகிட்ட ஏற்கெனவே இருக்கு.

இதுக்குச் செலவு ரெண்டு வெள்ளி. கோபுரத்துக்குப் பெயிண்ட் அடுத்த வருஷம்கூட அடிக்கலாம். ஞாயிற்றுக்கிழமை பூஜை முடிஞ்சதும் மண்டபத்தில் உட்காருவோம், வாங்க.

ஓம் நமசிவாய.