கடையில் வாங்கிய விமானத்துக்கு எதற்குப் பரிசு?



நம்ம கண்காட்சியில் ஒவ்வொரு வருஷமும் ஒரு விமானமாவது இருக்கும். பெரும்பாலும் பெட்டியில் வந்த பிளாஸ்டிக் விமானம். இறக்கையைச் சொருகி ஸ்டிக்கர் ஒட்டினால் முடிந்தது. பார்க்க அழகாகத்தான் இருக்கும், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அதற்குப் பரிசு கூடாது என்பது என் கட்சி. காசு கொடுத்து வாங்கியதற்குப் பரிசு என்றால், அது அப்பாவுக்குத்தானே போகணும்!

கையால் செய்யலாம். அதுவும் பழைய பயணிகள் விமானமாகச் செய்யலாம். ஏன் பழையது? நம்ம திருவான்மியூர் பீச்சில் நின்று அண்ணாந்து பாருங்கள். மீனம்பாக்கத்துக்குப் போகிற விமானம் எல்லாம் ஒரே ஜாடையில் இருக்கும். அந்தக் காலத்து விமானங்கள் அப்படி இல்லை, ஒவ்வொன்றுக்கும் ஒரு முகம் உண்டு.

டகோட்டாவையே எடுத்துக்கொள்ளுங்கள். டிசி-3 என்பார்கள். முதன்முதலில் பறந்தது 1935 டிசம்பர் 17-ல். இறக்கை நுனிக்கு நுனி சுமார் 29 மீட்டர், நீளம் சுமார் 19.7 மீட்டர். 72-ல் ஒரு பங்காகச் சுருக்கினால் இறக்கை 40 செ.மீ., உடம்பு 27 செ.மீ. கணக்குப் பாடத்தில் விகிதம் எதுக்குப் படிக்கிறோம் என்று கேட்பவர்கள் இதைச் செய்து பார்க்கட்டும்.

செய்து மேஜையில் வைத்தால் மூக்கைத் தூக்கிக்கொண்டு, வால் தாழ்ந்து நிற்கும். நிஜ டகோட்டாவும் அப்படித்தான் நின்றது. பெரிய சக்கரம் இரண்டு முன்னால், குட்டிச் சக்கரம் ஒன்று வாலில். உள்ளே ஏறினவர்கள் மேட்டில் நடப்பது போல நடந்துதான் சீட்டுக்குப் போகணும். அப்போது பல ஊர்களில் ஓடுதளம் என்பது வெறும் புல்தரை. சுற்றுகிற புரொப்பெல்லர் தரையில் படாமல் இருக்கத்தான் மூக்கு மேலே. ஸ்டிக்கர் ஒட்டுகிறவனுக்கு இந்தச் சந்தேகமே வராது.

நம்ம ஊருக்கும் டகோட்டாவுக்கும் பழைய உறவு. 1949-ல் தொடங்கிய இரவுத் தபால் சேவையில் சென்னை, பம்பாய், டெல்லி, கல்கத்தா நாலு ஊரிலிருந்தும் ராத்திரி விமானங்கள் கிளம்பி நாகபுரியில் கூடும். அங்கே தபால் மூட்டைகளை மாற்றிக்கொண்டு அவரவர் ஊருக்குத் திரும்பும். பயணிகளும் போனார்கள்.

இன்னொன்று, ஏர் இந்தியாவின் 'மலபார் பிரின்ஸஸ்'. 1948 ஜூன் 8-ல் பம்பாயிலிருந்து கெய்ரோ, ஜெனீவா வழியாக லண்டன் போனது. மீன் மாதிரி வளைந்த உடம்பு, வாலில் மூன்று துடுப்பு. இதைச் செய்ய எனக்கு இன்னும் தைரியம் வரவில்லை.

பால்சா கட்டை விலை அதிகம் என்று சொல்லுவீர்கள். நம்மிடம் நெட்டி இருக்கிறதே! ஏரி குளத்தில் வளரும் செடியின் தண்டு. உள்ளே வெள்ளை வெளேரென்று, எடையே தெரியாது. தஞ்சாவூரில் அதைச் சீவிப் பெரிய கோயிலையே செய்கிறார்கள், புவிசார் குறியீடும் வாங்கியிருக்கிறது. கோயில் வருமென்றால் டகோட்டா வராதா? நெட்டி கிடைக்கவில்லையா, பழைய கல்யாணப் பத்திரிகை அட்டை போதும். சக்கரத்துக்குச் சட்டைப் பட்டன், புரொப்பெல்லருக்கு ஐஸ்கிரீம் குச்சி.

கையால் செய்தால் கோணலாக இருக்கும் என்கிறார்கள். இருக்கட்டுமே. அறிவியல் ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள்: மார்க் போடுவதற்கு முன்னால் இரண்டு கேள்வி கேளுங்கள். எத்தனையில் ஒரு பங்கு? ஏன் இந்த வடிவம்? பிறகு ஸ்கேல் வைத்து அளந்து பாருங்கள். கடையில் வாங்கியதைத் தனி மேஜையில் வைக்கலாம், பார்ப்பதற்கு.

அடுத்த கண்காட்சிக்கு நாலு டகோட்டா செய்து, நாகபுரியில் ராத்திரி நிற்பது மாதிரி வைக்க ஆசை. சேர விரும்புகிறவர்கள் சாப்பாட்டு வேளையில் நூலகத்துப் பக்கம் வாங்க. கத்தரிக்கோல் என்னிடம் இருக்கு, அட்டை மட்டும் கொண்டு வாங்க.

– 9-ஆம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவன்