எலிக்கு மெத்தை போட்ட கதை

எங்க வீட்டுல ஒரு வருஷமா இன்னொரு குடும்பம் குடியிருந்துச்சு. வாடகை கிடையாது, மெயின்டனன்ஸ் கிடையாது. ராத்திரி ஒரு மணிக்கு மேல சீலிங்குல கபடி ஆடும். வேற யாரு, எலிங்கதான்.

செம்பூர்ல மேல் மாடியில குடியிருக்கிறவங்களுக்குத் தெரியும். ஏப்ரல், மே ரெண்டு மாசமும் மொட்டை மாடி வெயில் அப்படியே ஹாலுக்குள்ள இறங்கும். எனக்கு முன்னாடி இருந்தவர் அதுக்காக ஃபால்ஸ் சீலிங் போட்டு, அதுக்கும் ஸ்லாப்புக்கும் நடுவுல கிளாஸ் ஊல் பரப்பி வச்சிருந்தார். திருநெல்வேலிப் பக்கம் ஓட்டு வீட்டுல வளர்ந்த எனக்கு இதெல்லாம் புதுசு. ஜம்முன்னு இருக்கேன்னு சந்தோஷப்பட்டேன். எலியும் அதையேதான் நினைச்சிருக்கு.

வந்த வழி ஏசி பைப் ஓட்டை. பைப்பைச் சுத்தியிருந்த கறுப்பு ஃபோமைக் கடிச்சுத் துப்பியிருந்துச்சு. அதனால பைப் வேர்த்து, சுவத்துல தண்ணி சொட்டினப்போதான் ஆள் வச்சு மேல பார்த்தோம். கிளாஸ் ஊல் பூரா புழுக்கை, மூத்திரம், நடுவுல அழகா ஒரு கூடு.

இங்க நான் ரெண்டு தப்பு பண்ணினேன். முதல் தப்பு, உடனே காண்ட்ராக்டரைக் கூப்பிட்டு "பழசை எடுத்துட்டு புதுசு போடுங்க"ன்னு சொன்னது. நாப்பதாயிரம் ரூபாய் செலவு. மூணு மாசத்துல மறுபடி கபடி. போன்ல அம்மாகிட்ட புலம்பினேன். "ஏல, பொந்தை அடைக்காம புது மெத்தை போட்டுக் குடுத்தா அது வராம என்ன செய்யும்?"னு கேட்டாங்க. ரெண்டு டிகிரி வாங்கி என்ன புண்ணியம், சொல்லுங்க!

ரெண்டாவது தப்புதான் இன்னும் உறுத்துது. அந்தப் பழசை எடுக்க வந்த பையன் தாராவிக்காரன், நம்ம ஊர்ப் பக்கம்தான் பூர்வீகம். வெறுங்கையால வாரி வாரி சாக்குல போட்டான். முகத்துல ஒரு கைக்குட்டை. நான் டீ குடுத்தேனே தவிர கையுறை குடுக்கலை. பத்து நாள் கழிச்சு அவனுக்குக் கடுமையான ஜுரம். லெப்டோன்னு சந்தேகப்பட்டு மருந்து ஆரம்பிச்சாங்க, பிழைச்சுட்டான். எங்க வீட்டுலதான் வந்துச்சா, அவன் தெருவுல மழைத் தண்ணியில வந்துச்சா, யாராலயும் உறுதியா சொல்ல முடியாது. ஆனா "எங்க வீடு இல்லை"ன்னு சொல்ல எனக்கு வாய் வரலை.

லெப்டோ எலி மூத்திரத்துல பரவுற நோய். 2005 ஜூலை 26ஆம் தேதி சாந்தாகுரூஸ்ல ஒரே நாள்ல 944 மில்லிமீட்டர் கொட்டித் தீர்த்துச்சே, அந்த வெள்ளத்துக்கு அப்புறம் இந்த ஊரே இதைக் கத்துக்கிட்டது. மழைத் தண்ணியில நடந்தா டாக்டரைப் பார்த்து டாக்ஸிசைக்ளின் போட்டுக்கோன்னு மாநகராட்சி சொல்றது அதனாலதான்.

எலிக்கும் இந்த ஊருக்கும் பழைய பகை. 1896ல மாண்ட்வியில, தானியக் கிடங்குங்க பக்கம், பிளேக் ஆரம்பிச்சுது. 1897 ஜனவரியில ஹாஃப்கின் தன் தடுப்பூசியை முதல்ல தன் உடம்புலயே போட்டுக்கிட்டது இதே பம்பாய்லதான். 1898ல இம்ப்ரூவ்மென்ட் டிரஸ்ட் வந்து, காத்தும் வெளிச்சமும் வர்ற மாதிரி புதுசா தாதர், மாட்டுங்கா பக்கம் மனை போட்டுச்சு. நம்மாளுங்க பெருமையா காபி குடிச்சுக்கிட்டு நடக்கிற மாட்டுங்காவோட அகலமான தெருவுக்கு எலிக்கும் ஒரு பங்கு உண்டு :-)

ஆனா அந்த வெளிச்சம் எல்லாருக்கும் கிடைக்கலை. ராத்திரியில டார்ச்சும் கழியும் வச்சுக்கிட்டு எலி அடிக்கிற மாநகராட்சி ஊழியர்களைப் பத்தி 'தி ரேட் ரேஸ்'னு ஒரு ஆவணப்படம் வந்துச்சு. ஒரு ராத்திரிக்கு 30 எலின்னு அப்ப அவங்களுக்குக் கணக்கு. நம்ம தூக்கத்துக்காக யாரோ ஒருத்தர் கையை அழுக்காக்கிக்கிறார். அந்தப் பையன் மாதிரியே.

சரி, பட்டுத் தெரிஞ்சுக்கிட்டதைச் சொல்றேன். பழசை மாத்துறது கடைசி வேலை, முதல் வேலை இல்லை. முதல்ல பொறி வைங்க. விஷம் வச்சா எலி சில நாள் கழிச்சு சீலிங்குக்குள்ளயே செத்து நாறும். சத்தம் நின்னதும் ஓட்டையெல்லாம் அடைங்க. அரை இஞ்ச் சந்து போதும் எலிக்கு, சுண்டெலிக்கு அதுல பாதி. துணியோ ஃபோமோ வச்சா கடிச்சுடும். ஸ்டீல் ஊல் திணிச்சு மேல சிமென்ட் பூசணும். அப்புறம் பழசு மேல பிளீச்சிங் கரைசல் தெளிச்சு ஊற விட்டு, ஈரமா எடுக்கணும். காஞ்சது காஞ்சபடி பெருக்கவே கூடாது. கையுறை, நல்ல மாஸ்க் கட்டாயம். தாராவி மாதிரி ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டுக்குக் கீழ தெர்மாகோல் அடிச்ச வீடா இருந்தா ஷீட்டை உடைக்காம, துளைக்காம எடுக்கணும். அந்தத் தூசு நுரையீரலுக்கு ஆகாது.

இப்ப என் கட்சி என்னன்னா, மும்பைல வெயிலைத் தடுக்க வேண்டியது ஸ்லாப்புக்கு மேல, கீழ இல்லை. மொட்டை மாடியில செங்கல் துண்டு பரப்பி ப்ரிக்பேட் கோபா போட்டு, மேல வெள்ளை அடிச்சா சூடும் குறையும், ஒழுகறதும் குறையும். எலிக்கு இருட்டும் மெத்தையும் கிடைக்காது. இதைச் சொல்லத்தான் போன சொசைட்டி மீட்டிங்குல எழுந்தேன். "மேல் மாடிக்காரங்க சூட்டுக்குக் கீழ் மாடிக்காரங்க ஏன் காசு குடுக்கணும்?"னு செக்ரெட்டரி கேட்டார். பாதி நியாயம்தான், ஒத்துக்கறேன். ஆனா எலி என்ன ஆகாயத்துல இருந்தா குதிச்சுது? தரைத்தளக் குப்பைத் தொட்டியில தின்னுட்டு, எல்லார் வீட்டு பைப்பையும் பிடிச்சுத்தானே ஏறி வந்துச்சு? மாடி பொது, பைப் பொது, குப்பை பொது, எலி மட்டும் என் சொந்தமா? வெள்ளையடிக்கிற செலவு என்னோடது, குப்பைக்கு மூடியும் பைப் சந்து அடைக்கிறதும் சொசைட்டியோடதுன்னு பேசி முடிச்சோம். மழை விட்டதும் வேலை.

அதுவரைக்கும் எங்க சீலிங் காலியாத்தான் இருக்கு. கொஞ்சம் சூடு, ஆனா நிம்மதி.

போன வாரம் அந்தப் பையன் மிச்ச ஓட்டைங்களை அடைக்க வந்தான். ஏணியை வைக்கிறதுக்கு முன்னாடி கையுறையை நீட்டினேன். "இதப் போட்டா கை வழுக்கும்ணே"ன்னான். போட்டாத்தான் ஏணின்னு சொல்லிட்டேன். சிரிச்சுக்கிட்டே போட்டுக்கிட்டான்.