முகப்பூச்சும் ஒரு பழைய திருத்தமும்

அண்மையில் வெள்ளவத்தையில், காலி வீதியோரத்து அங்காடி ஒன்றில் என் மருமகளுடன் நின்றிருந்தேன். உயர்தரப் பரீட்சை எழுதி முடித்த பிள்ளை. "எந்த மாஸ்க்கை எடுக்கட்டும் மாமா?" என்று அவள் கேட்டபோது, கொரோனாக் காலத்து முகக்கவசத்தைத்தான் சொல்கிறாள் என்று எண்ணி, "ஏன், திரும்பவும் ஏதும் தொற்றோ?" என்றேன். அவள் சிரித்துவிட்டுக் காட்டிய இராக்கை முழுவதும் சருமத்துக்கான முகப்பூச்சுகள். களிமண், கரி, கற்றாழை, ஈரத்தாள் என்று பல வகை.

முகப்பூச்சைப் பற்றி இந்த மனிதருக்கு என்ன தெரியும் என்று வாசகர்கள் கேட்பது நியாயமே. அதற்குப் பதில் சொல்வதானால் ஒரு பழைய தவறை ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கிறது.

தொண்ணூறுகளின் பிற்பகுதியில், நான் பணியாற்றிய பத்திரிகையின் ஞாயிறு பதிப்பில் மகளிர் பக்கத்தை நிரப்பும் பொறுப்பு சில காலம் என்னிடம் வந்து சேர்ந்தது. பெண் ஒருவரின் புனைபெயரில் அழகுக் குறிப்புகள் எழுதினேன். தமிழகத்துச் சஞ்சிகைகளில் கண்டவற்றைச் சற்று மாற்றி எழுதினேன் என்பதே உண்மை. ஒரு சிறிய அரசியல் செய்தியைக் கூட இரண்டு பேரிடம் உறுதிப்படுத்தாமல் எழுதாத நான், தேசிக்காய்ச் சாற்றை முகத்தில் பூசினால் நிறம் வெளுக்கும் என்பதை எவரிடமும் கேட்காமல் எழுதினேன். சில வாரங்களின் பின்னர் வவுனியாவிலிருந்து ஒரு தாயின் கடிதம் வந்தது. சாற்றைப் பூசிக்கொண்டு வெயிலில் பாடசாலைக்குச் சென்ற மகளின் கன்னங்கள் கொப்புளித்து, பின்னர் கருமை படர்ந்துவிட்டதாம். கடிதத்தை மேலிடத்தில் காட்டினேன். மகளிர் பக்கத்துக்குத் திருத்தம் போடும் வழக்கமில்லை என்றார்கள். நானும் வற்புறுத்தவில்லை.

நடந்தது என்னவென்று மிகவும் பிந்தியே அறிந்துகொண்டேன். தேசிக்காயில் ஃபியூரோகூமரின் என்ற வகைச் சேர்மங்கள் உள்ளன. அவை சருமத்தில் படிந்திருக்கையில் சூரியனின் புறஊதாக் கதிர்கள் பட்டால் தோல் வெந்துபோகும். எஞ்சும் கருமை மறைய வாரங்களும் மாதங்களும் ஆகலாம். வெளுக்கவென்று பூசியது கறுக்க வைத்தது. வீட்டுப் பொருள் என்பதால் மட்டும் ஒன்று தீங்கற்றதாகிவிடாது.

இன்றைய முகப்பூச்சுகளுக்கும் இதே அளவுகோல் பொருந்தும். களிமண் வகை, அது முல்தானி மட்டியாயினும் கயோலினாயினும், எண்ணெய்ப் பசையை உறிஞ்சும். எனவே எண்ணெய் வழியும் முகத்துக்கு ஏற்றது. வறண்ட சருமக்காரருக்கு அது மேலும் வறட்சியையே தரும். அதனைப் பத்துப் பதினைந்து நிமிடங்களில், முற்றாகக் காய்ந்து இறுகுவதற்கு முன்னர், கழுவிவிட வேண்டும். ஈரத்தாள் வகையில் பெரும்பாலும் நீரும் கிளிசரினும் இருக்கும். தாள் மூடியிருப்பதால் ஈரம் உடனே ஆவியாவதில்லை. வறண்ட முகம் சற்று மிருதுவாகும், அவ்வளவே. உரித்தெடுக்கும் வகை இறந்த செல்களோடு மெல்லிய முடிகளையும் பிடுங்கிக்கொண்டு வரும். மென்மையான சருமத்துக்கு அது வேண்டாத வேதனை. கிளைகோலிக் அமிலம் முதலியவை சேர்ந்த பூச்சுகள் மேல்தோலை நீக்கி மினுமினுப்பைத் தரும். ஆயினும் அவற்றைப் பாவிக்கும் நாட்களிலும் அதன் பின்னர் ஏறத்தாழ ஒரு வாரத்துக்கும் வெயில் சருமத்தை எளிதில் சுடும். எமது வெயிலில் இது சிறிய விடயமல்ல. எதுவாயினும் முதலில் முழங்கையின் உட்புறத்தில் சிறிது பூசி, ஓரிரு நாட்கள் பார்த்துவிட்டு முகத்துக்குச் செல்வதே அறிவுடைமை.

இவற்றில் எதுவும் பிறவி நிறத்தை மாற்றாது. மாற்றுவதாகச் சொல்லும் பொருளைத்தான் அஞ்ச வேண்டும். பாதரசம் தோலில் நிறமி உருவாவதைத் தடுக்கும். அதனால்தான் வெண்மையூட்டும் சில கிறீம்களில் அதனைக் கலக்கிறார்கள். தோலின் வழியே உடலுக்குள் சேரும் அது சிறுநீரகங்களைப் பாதிக்கும். 2013ஆம் ஆண்டில் ஏற்கப்பட்டு 2017இல் நடைமுறைக்கு வந்த மினமாட்டா உடன்படிக்கை, அழகுசாதனப் பொருட்களில் பத்து இலட்சத்தில் ஒரு பங்குக்கு மேல் பாதரசம் இருப்பதை 2020 உடன் முடிவுக்குக் கொண்டுவர விதித்தது. 2023இல் ஜெனீவாவில் கூடிய நாடுகள், 2025இற்குப் பின்னர் எந்த அளவிலும் கூடாது என்று முடிவுசெய்தன. ஆயினும் உற்பத்தியாளர் பெயரோ, சேர்மானப் பட்டியலோ இல்லாத சிறிய டப்பாக்கள் இன்றும் கைக்குக் கை மாறுகின்றன. அவற்றை வாங்கும் பிள்ளைகளை மட்டும் குறைசொல்லிப் பயனில்லை. நான் அழகுக் குறிப்பு எழுதிய அதே ஞாயிறு இதழின் மணமகள் தேவைப் பத்தியில் "சிவந்த நிறம்" என்ற நிபந்தனை வாரந்தோறும் அச்சாகியது. 1975இல் இந்தியச் சந்தைக்கு வந்த ஃபெயார் அன்ட் லவ்லி, 2020இல் தன் பெயரிலிருந்த "ஃபெயார்" என்ற சொல்லைக் கைவிட்டது. பெயரை மாற்றுவது ஒரு நிறுவனத்தால் முடிந்த காரியம். பெண் பார்க்கப் போகும் எமது மனங்களை நாம்தான் மாற்ற வேண்டும்.

மருமகளிடம் மூன்று விடயங்களைச் சொன்னேன். உன் தோல் எண்ணெயா, வறட்சியா என்று முதலில் பார். சேர்மானப் பட்டியலை வாசி. நிறத்தை மாற்றித் தருவேன் என்பதைத் தொடாதே. நெற்றியில் எண்ணெய் வழியும் பிள்ளை; களிமண் பொதி ஒன்றை எடுத்துக்கொண்டாள்.

இன்று கைத்தொலைபேசியில் அழகுக் குறிப்பு வழங்குவோர் பலர், அன்று நான் செய்ததையே இன்னும் வேகமாகச் செய்கிறார்கள். எழுதுகிறவரும் பேசுகிறவரும் ஒரு தோல் வைத்தியரிடமாவது கேட்டுவிட்டுச் சொல்லட்டும். தவறினால் திருத்தம் வெளியிடட்டும். தேசிக்காய்ச் சாற்றை முகத்தில் பூசுமாறு நான் எழுதியது தவறு. அந்தத் தாய்க்கும் மகளுக்கும் கால் நூற்றாண்டுக்கு மேல் பிந்திய என் திருத்தம் இது.