நியமனச் சீட்டுக்குப் பொன்னாடை போடுவதை நிறுத்துவோம்

இது கொஞ்சம் நீளமான பதிவு. திட்டணும்னா தாராளமா திட்டுங்க, ஆனா முழுசா படிச்சிட்டு திட்டுங்க.

நம்ம கோயில் புலனக் குழுவுல ஒரு தம்பி ஊராட்சி மன்றத் தேர்தலைப் பத்தின செய்தி ஒண்ணைப் பகிர்ந்திருந்தார். அதுக்கு நான் ரொம்ப மதிக்கிற அண்ணன் ஒருத்தர் குரல் பதிவு போட்டார். "தேர்தல் வேண்டாம்பா. தேர்தல் வந்தா நம்மாளு ஒருத்தன்கூட ஜெயிக்க மாட்டான். இப்போ நியமனத்துல ரெண்டு மூணு பேராவது உள்ளே உட்கார்ந்திருக்காங்க. இருக்கிறதையும் கெடுத்துக்காதீங்க." கீழே வரிசையா கைகூப்புற படம். ஒருத்தர்கூட மறுத்துப் பேசலை. அதான் நான் எழுதுறேன்.

முதல்ல, "உள்ளே உட்கார்ந்திருக்காங்க"ன்னா என்ன அர்த்தம்னு பார்ப்போம். நகராண்மைக் கழகம், மாநகர் மன்றம், மாவட்ட மன்றம் எல்லாம் 1976-ஆம் ஆண்டு ஊராட்சிச் சட்டத்தின் கீழ் நடக்குது. ஒரு மன்றத்துக்கு ஒரு தலைவர், குறைந்தது 8, அதிகபட்சம் 24 உறுப்பினர்கள். எல்லாரையும் நியமிப்பது மாநில அரசாங்கம். தவணை 3 ஆண்டுக்கு மேல் போகக்கூடாது. ஊராட்சி அனுபவம் உள்ளவர், தொழிலில் சிறந்து விளங்குபவர், தன் சமூகத்தின் நலனை எடுத்துச் சொல்லக்கூடியவர், இப்படிப்பட்டவங்களைப் போடணும்னுதான் சட்டம் சொல்லுது. கட்சிக்கு இத்தனை சீட்டுன்னு அதுல எங்கேயும் எழுதலை. நடைமுறையில என்ன நடக்குதுன்னு உங்களுக்கே தெரியும். ஆளுங்கட்சிகள் பங்கு பிரிச்சுக்கும். தொகுதித் தலைவர் பெயர் கொடுப்பார், பட்டியல் வரும், பதவியேற்பு நடக்கும். அடுத்த வாரமே நம்ம கோயில் மண்டபத்துல மாலை, பொன்னாடை, முதல் வரிசை நாற்காலி.

அந்தக் கவுன்சிலரை நம்மில் ஒருத்தராவது தேர்ந்தெடுத்தோமா? அவர் வேலை செய்யலைன்னா நம்மால நீக்க முடியுமா? அவருடைய பதவி நம்ம கையில இல்லை, பெயர் கொடுத்தவர் கையில இருக்கு. அப்போ அவர் யாருக்குப் பயப்படுவார்? கோயில் பின்னால லோங்காங் அடைச்சு, அன்னதானக் கூடத்துல முழங்கால் வரைக்கும் தண்ணி நின்னா, அவர் வந்து படம் எடுத்துப் போட்டுட்டுப் போவார். நல்ல கவுன்சிலரே இல்லைன்னு நான் சொல்லலை. ராத்திரி 11 மணிக்குக் கூப்பிட்டாலும் வந்து நிக்கிற ஆள் இருக்காங்க, அவங்க காலைத் தொட்டுக் கும்பிடலாம். ஆனா அது அவங்க நல்ல மனசு. முறை அவங்களை அப்படி வேலை செய்ய வைக்கலை. அடுத்த தவணைக்கு அவங்க பெயரே பட்டியல்ல இல்லாமப் போனாலும் யாரும் நம்மளைக் கேட்கப் போறதில்லை.

அண்ணன் "இருக்கிறது" என்கிறாரே, அது அவ்வளவு உறுதியா? மாநில ஆட்சி மாறினா பட்டியலும் மாறும். 2020-ல் வாக்கெடுப்பே இல்லாம சில மாநிலங்கள்ல ஆட்சி மாறினப்போ அதைத்தானே பார்த்தோம்?

சரி, நம்ம கோயிலையே எடுத்துக்குவோம். 1966-ஆம் ஆண்டு சங்கச் சட்டத்தின் கீழ் பதிவான கோயில்னா, அமைப்பு விதி உண்டு, ஆண்டுப் பொதுக்கூட்டம் உண்டு, தலைவர், செயலாளர், பொருளாளருக்கு வாக்கெடுப்பு உண்டு. நாம அதுக்கு எப்படி அடிச்சுக்கிறோம்! உறுப்பினர் பட்டியல்ல யார் பேரு விட்டுப்போச்சு, சந்தா எந்தத் தேதிக்குள்ள கட்டினாங்க, வாக்குச்சீட்டுல முத்திரை இருக்கா இல்லையா, ஒண்ணுத்தையும் விடமாட்டோம். சில கோயில்ல கூட்டத்துக்குப் போலீஸ் வந்து நிக்கும். உண்டியல் எண்ண நாலு பேர் சாட்சி வேணும்னு கேட்கிறோம். கேட்கணும். அது அம்பாள் காசு. ஆனா வருஷத்துக்கு ரெண்டு தடவை சுக்காய் பிந்து கட்டுறோமே, அந்தக் காசைச் செலவு பண்றவங்களைத் தேர்ந்தெடுக்கிற உரிமை வேணும்னு ஒரு பொதுக்கூட்டத்துலயாவது ஒரு தீர்மானம் போட்டிருக்கோமா?

இந்த நாட்டில் ஊராட்சித் தேர்தல் நடந்ததே இல்லை என்று நிறைய இளையவர்கள் நினைக்கிறார்கள். சுதந்திரத்துக்கு முன்பே நடந்தது. ஜார்ஜ்டவுனில் 1951, கோலாலம்பூரில் 1952. நாடாளுமன்றத் தேர்தலுக்கு முன்னமே மக்கள் நகராட்சிக்கு வாக்களித்துப் பழகினார்கள். 1957 ஜனவரி 1-ல் ஜார்ஜ்டவுன் மாநகரானது. அதன் முதல் மேயர் யார் தெரியுமா? டி.எஸ். இராமநாதன். பள்ளி ஆசிரியர், தொழிற்கட்சிக்காரர். சீனர்கள் பெரும்பான்மையாக வாழ்ந்த நகரம் அது. பினாங்கில் அவர் பெயரில் இன்றும் சாலை இருக்கிறது. ஈப்போவில் சீனிவாசகம் சகோதரர்களின் மக்கள் முற்போக்குக் கட்சி நகராட்சி மன்றத்தையே ஜெயித்து நடத்தியது. ஈப்போவும் சீனர் அதிகம் உள்ள ஊர்தான். யாரும் அவர்களுக்கு இட ஒதுக்கீடு கொடுக்கவில்லை. போய் நின்றார்கள், எல்லா இனத்து வீட்டு வாசலையும் மிதித்தார்கள், ஜெயித்தார்கள்.

1965 மார்ச்சில் இந்தோனேசியாவுடனான மோதலைக் காரணம் காட்டித் தேர்தலை நிறுத்தி வைத்தார்கள். தற்காலிகம் என்று சொன்னார்கள். மோதல் மறு வருஷமே முடிந்துவிட்டது, தேர்தல் மட்டும் திரும்பி வரவில்லை. அந்த 1965-லேயே ஊராட்சி மன்றங்களை ஆராய அரச விசாரணை ஆணையம் அமைத்தார்கள். அதன் தலைவர் செனட்டர் ஆதி நாகப்பன், ம.இ.கா. தலைவர்களில் ஒருவர். ஜான்சி ராணிப் படையில் இருந்த ஜானகி அம்மாவின் கணவர். 1968 கடைசியில் அறிக்கை கொடுத்தார். மன்றங்கள் மக்களால் தேர்ந்தெடுக்கப்பட வேண்டும் என்பதே பரிந்துரை. அரசாங்கம் அதை ஏற்கவில்லை. 1976 சட்டத்தின் 15-ஆவது பிரிவு தேர்தலுக்கே கதவைச் சாத்திவிட்டது. தேர்தல் வேண்டும் என்று நாட்டுக்கே எழுதிக் கொடுத்தவர் நம்ம தமிழர். இன்றைக்கு நம்ம குழுவுல "தேர்தல் வேண்டாம்"னு குரல் பதிவு. என்னத்தைச் சொல்ல!

பினாங்கு மாநிலம் 2012-ல் தனிச் சட்டமே இயற்றிப் பார்த்தது. 2014 ஆகஸ்டில் கூட்டரசு நீதிமன்றம் அது செல்லாது என்றது. அதே 15-ஆவது பிரிவுதான் குறுக்கே நின்றது. 2018-ல் புது ஆட்சியில் பேச்சு மறுபடி கிளம்பியது. இன மோதல் வரலாம் என்று டிசம்பரில் பிரதமர் மகாதீர் அதை மூடி வைத்தார். ஊருக்குள் வாக்களித்தால் மோதல் வருமாம், சட்டமன்றத்துக்கும் நாடாளுமன்றத்துக்கும் வாக்களித்தால் வராதாம்.

இப்போ அண்ணனுடைய பயத்துக்கு வர்றேன். அதுல நியாயமே இல்லைன்னு சொல்லமாட்டேன். நாம மக்கள்தொகையில 100-க்கு 7 பேர் அளவுதான். தோட்டம் கலைஞ்சு தாமான் தாமானா சிதறிட்டோம். ஒரு வட்டாரத்துல நம்ம வாக்கை மட்டும் வச்சு ஜெயிக்கிறது பெரும்பாலான இடத்துல நடக்காது. சில மன்றத்துல நமக்கு ஒரு ஆள்கூட இல்லாமப் போகலாம். உண்மை. ஆனா, எங்கே நம்ம வாக்கு 10, 15 விழுக்காடு இருக்கோ, அங்கே ஜெயிக்கிற சீனரோ மலாய்க்காரரோ நம்ம கோயில் வாசலுக்கு வந்து நின்னே ஆகணும். இன்னிக்கு அவர் வரத் தேவையே இல்லை. "அது இந்தியர் விவகாரம், இந்தியக் கவுன்சிலரைப் பாருங்க"ன்னு கையைக் காட்டிட்டுப் போயிடலாம். ரெண்டு ஆளை நமக்குன்னு ஒதுக்கி வச்சதுல மத்த இருபத்திரெண்டு பேரும் நம்மகிட்ட இருந்து தப்பிச்சுட்டாங்க.

கோயில் நில விவகாரத்துல இது எவ்வளவு பெரிய வித்தியாசம்னு யோசிங்க. 2007 அக்டோபர் 30, தீபாவளிக்குச் சில நாள் முன்னால, ஷா ஆலம் பாடாங் ஜாவாவில் மகா மாரியம்மன் கோயிலை உடைத்தது மாநகர் மன்றத்தின் அமலாக்கப் பிரிவு. அப்போதும் இதே நியமன முறைதான், கோட்டாவில் இந்திய உறுப்பினர்களைப் போட்டு வந்த காலம்தான். கோயில் நின்னுச்சா? கோலாலம்பூர்ல மஸ்ஜித் இந்தியா தேவி ஸ்ரீ பத்ரகாளியம்மன் ஆலயம் இருந்த நிலத்தை மாநகர் மன்றம் தனியாருக்கு விற்றது 2014-ல். நாடே அதைப் பற்றிப் பேசியது 2025-ல். தலைநகர்ல மேயரும் நியமனம், ஆலோசனை வாரியமும் நியமனம். அந்த விற்பனைக்குக் கைதூக்கியவர் யார், எதிர்த்தவர் யார்னு கேட்டு வாக்கால் கணக்குத் தீர்க்க ஒரு வாக்காளருக்கும் வழி இல்லை.

இன்னொண்ணு. கோயில் பிரச்சினை புல்டோசர் வர்ற அன்னிக்குத் தொடங்குறதில்லை. மன்றம் உள்ளூர்த் திட்டம்னு ஒண்ணு போடும். எந்த நிலம் வீட்டுக்கு, எது கடைக்கு, எது வழிபாட்டுத் தலத்துக்குன்னு வரைபடத்துல வண்ணம் அடிக்கிறது அங்கேதான். வரைவைப் பொதுமக்கள் பார்வைக்கு வைக்கணும், ஆட்சேபம் கேட்கணும், இது சட்டம். அந்த அறிவிப்பு வர்ற வாரம் நாம எங்கே இருக்கோம்? திருவிழா பேனர்ல யார் படம் பெருசுங்கிற சண்டையில. நம்ம கோயில் நிலம் வரைபடத்துல வேற வண்ணத்துல இருக்கிறது பல வருஷம் கழிச்சு நோட்டீஸ் ஒட்டினப்புறம்தான் தெரியும். அப்புறம் "ஐயோ நூறு வருஷக் கோயில்"னு அழுவோம்.

"கோயில் ஆளுக்கு அரசியல் எதுக்கு"ன்னு சில அக்காமார் கேட்பாங்க. அக்கா, கொடிமரத்துக்கு முன்னால மைக் பிடிச்சு வாக்கு கேட்கச் சொல்லலை. அது கூடவே கூடாது. நாளைக்குத் தேர்தல் வந்து நம்ம நிர்வாகத்துல ஒருத்தர் நிக்கிறார்னா, வேட்பு மனு கொடுக்கிறதுக்கு முன்னால கோயில் பதவியை விட்டு இறங்கணும். அன்னதானத்தைப் பிரசாரச் சாப்பாடா மாத்தினா முதல்ல எதிர்க்கிறவன் நானாத்தான் இருப்பேன். ஆனா நிக்கணும். தைப்பூசத்துக்கு ஆயிரம் பேருக்குச் சமைச்சு, வண்டி நிறுத்தம் ஒழுங்கு பண்ணி, போலீஸ் பெர்மிட் வாங்கி, ராத்திரியே குப்பையை அள்ளிட்டுப் போறாங்களே நம்ம பெண்களும் பையன்களும், ஊராட்சி வேலைக்கு இதைவிட என்ன பயிற்சி வேணும்? அவங்களை நாம சட்டை பிடிச்சு முன்னால தள்ளணும். அந்தச் சீனப் பாட்டி வீட்டுத் தெருவிளக்குக்கும், அந்த மலாய்க்கார மாக்சிக் கடைப் பெர்மிட்டுக்கும் பேசத் தெரிஞ்ச ஆளாவும் அவங்க இருக்கணும். கோயிலுக்கு மட்டும் பேசுறவர் ஜெயிக்கமாட்டார், ஜெயிக்கவும் வேண்டாம்.

தேர்தல் வர்ற வரைக்கும் சும்மா இருக்கணும்னு இல்லை. மன்றக் கூட்டம் பொதுவா மக்கள் பார்வைக்குத் திறந்திருக்கணும்னு அதே 1976 சட்டம் சொல்லுது. மாசத்துக்கு ரெண்டு பேர் போய் உட்காருங்க. கேட்டதை எழுதி வந்து வெள்ளிக்கிழமை பூஜைக்கப்புறம் சொல்லுங்க. பொன்னாடைக்கு முன்னால கவுன்சிலர்கிட்ட கேளுங்க: போன மாசக் கூட்டத்துல என்ன பேசினீங்க? நம்ம கோயில் நிலம் திட்டத்துல எந்த வகையில இருக்கு? பதில் சொன்னா போடுங்க பொன்னாடை. அடுத்த ஆண்டுப் பொதுக்கூட்டத்துல, 15-ஆவது பிரிவை நீக்கச் சொல்லி நம்ம நாடாளுமன்ற உறுப்பினருக்கு ஒரு தீர்மானம் அனுப்புவோம். அது சாதாரணச் சட்டம், நாடாளுமன்றம் நினைச்சா திருத்தலாம். முன்மொழிய நான் தயார், வழிமொழிய ஒருத்தர் வேணும்.

அண்ணன் இதைப் படிச்சுக் கோபப்பட்டா நேர்ல பேசட்டும். வர்ற வெள்ளி, பாத்திரம் கழுவுற இடத்துலதான் நிப்பேன்.