மாணவர் எழுத்துக்குப் பரிசு எதற்காக?

ஆங்கில இலக்கியம் போதிக்கும் மேனாட்டுச் சர்வகலாசாலைகளில், மாணவர்கள் எழுதும் கவிதைக்கும் கதைக்கும் நாடகத்துக்கும் ஆண்டுதோறும் பரிசு வழங்கும் வழக்கம் நெடுங்காலமாக இருந்து வருகிறது. இவ்வழக்கத்தைக் குறை கூறுவோர் சிலரே. வாலிபன் ஒருவனோ யுவதி ஒருத்தியோ எழுதியதைப் பெரியோர் சபையில் பாராட்டுவதால் யாருக்கும் தீங்கில்லை. ஆனால் இப்பரிசுகள் யார் பொருட்டு ஏற்பட்டவை என்ற கேள்வி ஒன்று இருக்கிறது. சர்வகலாசாலையின் அலங்காரத்துக்காகவா, எழுதும் மாணவனின் நன்மைக்காகவா? இலக்கியப் படிப்புக்குச் செலவிடும் பணம் வீண் என்ற பேச்சு பல நாடுகளிலும் வலுத்து வரும் இக்காலத்தில், இக்கேள்விக்குத் தெளிவான விடை காண்பது அவசியமென்று நாம் கருதுகிறோம்.

ஆக்ஸ்போர்டு சர்வகலாசாலையின் நியூடிகேட் பரிசு மிகப் பழையது. ஸர் ரோஜர் நியூடிகேட் என்பவர் அளித்த பணத்தைக் கொண்டு 1806-ம் வருஷத்தில் அது தொடங்கியது. கேம்பிரிட்ஜில் ஆங்கிலக் கவிதைக்கென்று சான்ஸலர் தங்கப் பதக்கம் ஏற்பட்டதும் ஏறக்குறைய அதே காலத்தில்தான். அந்நாளில் ஆங்கில இலக்கியம் இவ்விரு சர்வகலாசாலைகளிலும் தனிப் பாடமாகவே இல்லை. ஆக்ஸ்போர்டில் 1894-லும், கேம்பிரிட்ஜில் 1917-லுமே அதற்குத் தனிப் பரீட்சை ஏற்பட்டது. லத்தீனும் கிரேக்கமும் ஆட்சி செலுத்திய இடத்தில், தாய்பாஷையில் கவி எழுதுவதும் மதிக்கத்தக்க காரியமே என்று பறைசாற்றியவை இப்பரிசுகள். அந்த அளவில் அவற்றின் உபகாரம் பெரிது. அதை நாம் மறுக்கவில்லை.

ஆனால் அவற்றில் ஒரு குறை உடன்பிறந்தது. என்ன எழுதுவது என்பதை மாணவன் தீர்மானிக்கவில்லை, அதிகாரிகளே தீர்மானித்தனர். முதல் ஆண்டில் நியூடிகேட் பரிசுக்குக் குறிக்கப்பட்ட விஷயம், பண்டைக் கிரேக்க ரோமானியக் கட்டடம், சிற்பம், ஓவியம் ஆகியவற்றைக் கற்பதன் மேன்மை! இருபது வயது வாலிபனின் நெஞ்சில் எழும் கவிதைக்கு இது ஏற்ற பொருளா என்று யாரும் யோசித்ததாகத் தெரியவில்லை.

இதன் விளைவை அறிய நமக்கு நெருங்கிய உதாரணம் ஒன்று உண்டு. 1839-ம் வருஷத்தில் குறிக்கப்பட்ட விஷயம் ஸால்ஸெட், எலிபண்டா. பம்பாயை அடுத்த அத்தீவுகளின் குகைக் கோயில்களைப் பற்றி அவ்வாண்டு பரிசு பெற்ற கவிதையை எழுதியவர் ஜான் ரஸ்கின். இரு முறை தோற்று, மூன்றாம் முறை வென்றவர் அவர். கவியரசர் வேர்ட்ஸ்வொர்த் கௌரவப் பட்டம் பெற வந்திருந்த அதே வைபவத்தில் அக்கவிதை வாசிக்கப்பட்டது. ஆனால் ரஸ்கின் அக்குகைகளைக் கண்டவரல்லர். இந்தியாவுக்கு அவர் தம் ஆயுளில் ஒருநாளும் வந்ததுமில்லை. புத்தகங்களைப் புரட்டிச் செய்தி திரட்டி, நம் தெய்வங்கள் மறைந்து கிறிஸ்துவ ஒளி பரவும் காலம் வரும் என்ற நம்பிக்கையோடு அவர் கவிதையை முடித்தார். சபையோர் விரும்பியதும் அதுவே. இன்று அக்கவிதையை ஆராய்ச்சியாளரைத் தவிர வேறு யாரும் படிப்பதில்லை.

கேம்பிரிட்ஜ் கதையும் இதற்கு மாறானதன்று. 1829-ல் அங்கே குறிக்கப்பட்ட விஷயம் ஆப்பிரிக்காவிலுள்ள டிம்பக்டூ நகரம். பரிசு பெற்ற டென்னிஸன் அந்நகரைக் கண்டவரல்லர். வேறொரு விஷயத்தைப் பற்றித் தாம் முன்னமே எழுதி வைத்திருந்த கவிதையைத் திருத்தி, புதுத் தலைப்புக்குப் பொருத்தி அனுப்பிவிட்டார். அதற்கும் பத்தாண்டு முன்னர், 1819-ல், பாம்பீ நகரின் அழிவைப் பாடிப் பதக்கம் பெற்றவர் மெக்காலே. அவர் இத்தாலியில் முதன்முதல் காலடி வைத்தது 1838-ல்தான். இந்த மெக்காலேதான் 1835-ல், தமக்கு ஸம்ஸ்கிருதமும் அரபியும் தெரியாதென்று ஒப்புக்கொண்டே, கீழ்நாட்டு இலக்கியம் முழுவதும் ஐரோப்பிய நூல்கள் அடங்கிய ஓர் அலமாரித் தட்டுக்கு ஈடாகாதென்று தீர்ப்பளித்தவர். அத்தீர்ப்புக்கு மாணவப் பருவத்துப் பதக்கமே காரணம் என்று நாம் சொல்ல வரவில்லை. அப்படிச் சொல்வது நியாயமுமன்று. ஆனால் கண்டறியாத ஒன்றைப் பற்றிக் கம்பீரமாக எழுதுவதற்குப் பதக்கம் தரும் கல்விமுறை, அறியாததைப் பற்றித் தயங்கிப் பேசும் அடக்கத்தை வளர்க்காது என்பதில் சந்தேகமில்லை.

விஷயத்தைக் குறித்துக் கொடுத்தால்தான் எல்லோரையும் ஒரே தராசில் நிறுக்க முடியும் என்று சிலர் வாதிப்பர். ஆஸ்கார் வைல்ட் 1878-ல் ராவென்னா நகரைப் பாடி இதே நியூடிகேட் பரிசைப் பெறவில்லையா என்றும் கேட்பர். பெற்றார், உண்மை. ஆனால் அவர் அதற்கு முந்திய ஆண்டில்தான் ராவென்னாவை நேரில் கண்டு திரும்பியிருந்தார். குறித்த தலைப்பு அவருடைய அனுபவத்தோடு தற்செயலாகப் பொருந்திற்று. தற்செயலை விதியாக்கி ஒரு முறையை நியாயப்படுத்த இயலாது.

ரஸ்கினின் பிற்கால வரலாறே இவ்வாதத்துக்குச் சரியான பதில். 1860-ல் அவர் பொருளாதாரத்தைப் பற்றி நான்கு கட்டுரைகள் எழுதினார். பரிசு கருதி எழுதியவை அல்ல அவை. யார் மெச்சுவர் என்று பார்த்து எழுதியவையும் அல்ல. வாசகர்களின் சீற்றம் தாங்காமல் பத்திரிகாசிரியர் அவற்றை இடையிலே நிறுத்திவிட்டார். அக்கட்டுரைகள் நூலாக வெளிவந்து, 1904-ல் தென்னாப்பிரிக்காவில் ரயில் பிரயாணம் செய்துகொண்டிருந்த காந்திஜியின் கையில் கிடைத்தன. அவருடைய வாழ்க்கையே மாறிற்று. அவ்வாண்டிலேயே பீனிக்ஸ் குடியிருப்பு ஏற்பட்டது. 1908-ல் அந்நூலின் சாரத்தைக் குஜராத்தியில் 'சர்வோதயம்' என்று அவர் வெளியிட்டார். இந்தியாவைப் பற்றி ரஸ்கின் எழுதிப் பரிசு பெற்ற கவிதை இந்தியாவுக்கு ஒன்றும் செய்யவில்லை. இந்தியாவை நினையாமல், தம் மனச்சாட்சிக்குப் பட்டதை அவர் எழுதியபோது, அது இந்தியாவின் சரித்திரத்தில் இடம் பெற்றது. எழுத்தின் இயல்பு இதுவே.

அப்படியானால் பரிசுகளே வேண்டாமா? அது நம் கருத்தன்று. சரியான முறையில் ஏற்பட்ட பரிசு எத்தகைய நன்மை செய்யும் என்பதற்கு அமெரிக்காவில் மிச்சிகன் சர்வகலாசாலையின் ஹாப்வுட் பரிசு சாட்சி. அங்கே 1905-ல் பட்டம் பெற்று, நாடகங்கள் எழுதிப் பொருளீட்டிய அவெரி ஹாப்வுட் 1928-ல் காலமானார். தம் ஆஸ்தியில் ஐந்தில் ஒரு பங்கை மாணவர்களின் சொந்தப் படைப்புக்களுக்குப் பரிசளிக்குமாறு எழுதி வைத்தார். புதுமையானதையும், வழக்கத்துக்கு மாறானதையும், துணிச்சலானதையும் விசேஷமாக ஊக்குவிக்க வேண்டுமென்று உயிலிலேயே குறித்தார். எதைப் பற்றி எழுதுவது என்பது மாணவனின் இஷ்டம். தன் பெயரை மறைத்துப் புனைபெயரில் அனுப்ப வேண்டும் என்பது விதி.

1934-ல் அச்சர்வகலாசாலையில் சேர்ந்த மாணவர் ஒருவரின் குடும்பம் பொருளாதார மந்தத்தில் நொடித்துப் போயிருந்தது. மோட்டார் உதிரிப் பாகக் கிடங்கில் உழைத்துச் சேர்த்த பணத்தோடு வந்த அவர், பாத்திரம் துலக்கியும், ஆராய்ச்சிச்சாலை எலிகளைப் பராமரித்தும் காலந்தள்ளினார். பத்திரிகைத் தொழில் பாடத்தை விட்டு ஆங்கிலப் பாடத்துக்கு மாறினார். 1936-ல் ஒரு வசந்த விடுமுறையில், வேலைநிறுத்தத்தில் சிக்கித் தவிக்கும் ஓர் உடை வியாபாரியின் குடும்பத்தை வைத்து நாடகம் எழுதினார். அது அவர் வீட்டுக் கதையே. அதற்கு ஹாப்வுட் பரிசாக 250 டாலர் கிடைத்தது. அம்மாணவர் ஆர்தர் மில்லர். 1949-ல் 'ஒரு விற்பனையாளனின் மரணம்' என்ற நாடகத்தால் அவர் உலகப் புகழ் பெற்றார். அந்த முதல் நாடகமோ 2015-ல் லண்டனில்தான் முதன்முறையாக மேடையேறிற்று. பரிசு அந்நாடகத்தை அமரத்துவமாக்கவில்லை. எழுதியவனை எழுத்தாளனாக நிலைநிறுத்தியது. மாணவப் பரிசு செய்யவேண்டிய காரியம் இதுவே என்போம்.

அதே பரிசை 1938-லும் 1942-லும் பெற்ற ராபர்ட் ஹேடன் கறுப்பினத்தவர். பின்னாளில் அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தின் கவிதை ஆலோசகராக நியமனம் பெற்ற முதல் கறுப்பினக் கவிஞர் அவரே. பெயரும் முகமும் அறியாமல் எழுத்தை மட்டும் எடைபோடும் முறையின் சிறப்பை இதிலிருந்து ஊகிக்கலாம். நியூடிகேட் பரிசையோ ஒரு பெண் முதன்முதல் பெற்றது 1927-ல், பரிசு ஏற்பட்ட 121 ஆண்டுகளுக்குப் பின். 1920 வரையில் ஆக்ஸ்போர்டு பெண்களுக்குப் பட்டமே அளிக்கவில்லை. அத்தனை தலைமுறைகளில் வாசலிலேயே தடுக்கப்பட்ட திறமைக்குக் கணக்கு ஏது?

தோற்றவர்களையும் நினைக்க வேண்டும். நூறு பேர் எழுதினால் ஒருவர் வெல்வார். மற்றவர்களுக்கு என்ன கிடைக்கிறது? மவுண்ட் ஹோலியோக் கலாசாலை நடத்தும் கிளாஸ்காக் போட்டியில், பல கலாசாலைகளிலிருந்து தேர்ந்து வந்த மாணவர் அனைவரும் நடுவர்களான கவிஞர்களின் முன்னிலையில் தம் கவிதைகளை வாசிக்கின்றனர். 1955-ல் அங்கு முதற் பரிசைப் பகிர்ந்துகொண்டவர் சில்வியா பிளாத். நடுவர்களில் ஒருவர் மரியான் மூர். அத்தகைய கவிஞர் தம் குரலைச் செவிமடுத்தார் என்பதே தோற்றவர்க்கும் ஒரு பரிசுதான். இதற்கு நேர்மாறாக, அமெரிக்காவில் பத்திரிகைகள் நடத்தும் போட்டிகள் பலவற்றில் பிரவேசக் கட்டணம் வசூலிக்கின்றனர். தோற்பவர்களின் பணத்தைத் திரட்டி வென்றவனுக்கு அளிப்பது கொடையன்று. அது சீட்டாட்டத்தை ஒத்தது.

இவை எல்லாவற்றுக்கும் மேலாக இன்று ஒரு புது நிலைமை ஏற்பட்டிருக்கிறது. கட்டளையிட்ட மாத்திரத்தில் கவிதையும் கட்டுரையும் எழுதித் தரும் இயந்திரங்கள் 2022-ம் வருஷத்தின் முடிவிலிருந்து எல்லோர் கைக்கும் எட்டிவிட்டன. இதனால் மாணவர் போட்டிகளுக்கே முடிவு காலம் வந்துவிட்டதாகச் சிலர் அஞ்சுகின்றனர். நாம் அவ்வாறு கருதவில்லை. காணாத குகையையும் அறியாத நகரத்தையும் பற்றி ஓசை நயத்தோடு பொதுப்படையாக எழுதுவது இயந்திரத்துக்கு எளிது. பழைய பரிசுக் கவிதைகள் கேட்டதும் அதைத்தான். நொடித்துப்போன தந்தையின் முகத்தை அருகிலிருந்து பார்த்தவன் மட்டுமே எழுதக்கூடியது ஒன்று உண்டு. பரிசுகள் இனி அதைத் தேடட்டும்.

ஆகவே சர்வகலாசாலைகள் செய்யவேண்டியவை சில. விஷயத்தை மாணவனே தேர்ந்துகொள்ளட்டும். பிரவேசக் கட்டணம் கூடாது. பெயர் மறைத்து, வெளியார் நடுவராக இருந்து தீர்ப்பளிக்கட்டும். முடிவுக்கு முன்னர், எழுதியவரை நேரில் அழைத்து, முதற்படிகளையும் பார்த்து, இன்னபடி ஏன் எழுதினாய் என்று விசாரிக்கட்டும். தோற்றவர்க்கும் அவர்கள் எழுத்தைப் பற்றி நான்கு வரி அபிப்பிராயம் எழுதி அனுப்பட்டும். பரிசுத் தொகை, ஒரு விடுமுறைக் காலமேனும் கூலி வேலைக்குப் போகாமல் மாணவன் எழுதுவதற்குப் போதுமானதாக இருக்கட்டும்.

இலக்கியப் படிப்புக்கு ஆகும் செலவைக் குறைக்கத் துணியும் நிர்வாகிகள் ஒன்றை ஆலோசிப்பார்களாக. 250 டாலர் ஒரு சர்வகலாசாலைக்கு அற்பத் தொகை. பாத்திரம் துலக்கிப் படித்த மாணவன் ஒருவனுக்கோ, தான் எழுதப் பிறந்தவன் என்று நம்புவதற்கு அது போதுமானதாக இருந்தது. அந்த நம்பிக்கையைத் தராத பரிசு, எத்தனை பெரிய பதக்கமாயினும், அலமாரிக்கு அழகு செய்வதோடு நின்றுவிடும்.